லிட்டருக்கு 9.6 கிலோமீட்டர்: ஜீப்பை விற்பதா, வைத்துக்கொள்வதா?

கொட்டாம்பட்டியிலிருந்து உள்ளே போகும் மண் பாதையில், ஓடையைத் தாண்டினால் அந்தத் தோப்பு வீடு. தென்னை, கொஞ்சம் கடலை, கிணற்றுத் தண்ணீர் இருக்கும் வரைக்கும் கத்தரி, வெண்டை. வாசலில் ஒரு பழைய பொலிரோ நிற்கிறது. 2.5 லிட்டர் டீசல் இன்ஜின் வைத்த பழைய மாடல், இரண்டாம் கையாக வாங்கியது. ஊரில் யாரும் அதைப் பொலிரோ என்று சொல்வதில்லை, ஜீப்பு என்றுதான் சொல்வார்கள்.

அந்த ஜீப்பை விற்றுவிடலாமா என்ற பேச்சு அந்த வீட்டில் போன தை மாதம் எழுந்தது. விற்கச் சொன்னது வீட்டம்மாதான். "என்னங்க, கடலை வித்த காசுல பாதி பெட்ரோல் பங்குக்கே போயிருச்சு. இது வண்டியா, இல்ல தீனி பத்தாத மாடா?" என்று கேட்டார். கணவரிடம் பதில் இல்லை.

ஆனால் விற்க முடியாத காரணம் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தது. விவசாயியின் தாயாருக்குச் சிறுநீரகம் பழுது. வாரம் இரண்டு முறை மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் டயாலிசிஸ். சிகிச்சைக்குச் செலவில்லை, போக்குவரத்துக்குத்தான் செலவு. போகும்போது பேருந்தில் போய்விடலாம். நான்கு மணி நேரம் இயந்திரத்தில் இருந்துவிட்டு வரும்போது அந்த அம்மாவால் பேருந்துப் படி ஏற முடியாது. மழை பெய்தால் ஓடைக்கு இந்தப் பக்கம் ஆட்டோவும் வராது, காரும் வராது. தரையிலிருந்து உயரமாக, கனமான சேஸில் நிற்கும் இந்தப் பெட்டி வண்டிதான் வரும்.

மதுரை சுமார் 50 கிலோமீட்டர். போகவர 100. மாதம் எட்டு நடை என்றால் 800 கிலோமீட்டர். சிங்கம்புணரிக்குத் தேங்காய் மட்டை சம்பந்தமாக, மேலூருக்கு உரம், மருந்து வாங்க, அங்கே இங்கே என்று இன்னொரு 400. ஆக மாதம் 1,200 கிலோமீட்டர்.

முதலில் ஒரு நோட்டு

'வண்டி என்ன கொடுக்குது?' என்று கேட்டால், பத்து கொடுக்கும், பன்னிரண்டு கொடுக்கும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்பவர்களே அதிகம். எத்தனை மூட்டை விளைந்தது என்று எடை போடாமலே ஏக்கருக்கு இத்தனை என்று சொல்வது மாதிரிதான் இதுவும். இருநூறு ரூபாய்க்கும் ஐந்நூறு ரூபாய்க்கும் டீசல் போட்டுக்கொண்டிருந்தால் கணக்கு எந்தக் காலத்திலும் தெரியாது.

அளக்கும் முறை எளிது. ஒரு பங்கில், குழாய் தானாக நிற்கும் வரை டேங்கை நிரப்பி, மீட்டரில் உள்ள கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவிட்டு, அதே பங்கில், முடிந்தால் அதே குழாயில், மறுபடியும் அதே போல் நிரப்ப வேண்டும். ஓடிய தூரத்தை, இரண்டாவது முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் வருவதுதான் மைலேஜ். குழாய் நின்ற பிறகு "இன்னும் கொஞ்சம்" என்று ஆட்டி ஆட்டி நிரப்பினால் கணக்கு கெட்டுவிடும்.

வீட்டம்மாதான் நோட்டுப் போட்டார். பையனின் பழைய கணக்கு நோட்டில் எழுதாமல் மீதியிருந்த பக்கங்கள். முதல் வரி: 412 கிலோமீட்டர், 43 லிட்டர். லிட்டருக்கு 9.6.

இங்கே ஒரு சூட்சுமம். முந்தைய உரிமையாளர் அழகுக்காக அகலமான டயர் போட்டிருந்தார். பொலிரோவுக்குக் கம்பெனி கொடுப்பது 215/75 ஆர்15. இதில் இருந்தது 235/75 ஆர்15. டயரின் உயரம் நாலு சதவீதம் கூடுதல். அதனால் மீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 104 ஓடியிருக்கும். மீட்டர்படி 9.6 என்றால் உண்மையில் 10. எல்லா அளவும் அதே டயரில்தான் எடுக்கப்பட்டது என்பதால் முன்னுக்குப் பின் ஒப்பிடத் தடையில்லை. பக்கத்துத் தோப்புக்காரர் வண்டியோடு ஒப்பிட்டால் மட்டும் தப்பாகும்.

லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கூடினால் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றலாம். 1,200 கிலோமீட்டருக்கு 9.6 வீதம் 125 லிட்டர் வேண்டும். அதுவே 12 ஆனால் 100 லிட்டர். மாதம் 25 லிட்டர் மிச்சம். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தாலும் 2,300 ரூபாய். அதே தூரம் ஓடும் பைக்கில் 50 கொடுத்தது 60 கொடுத்தால் மிச்சம் நாலே லிட்டர்தான். அதிகம் குடிக்கும் வண்டியில்தான் சின்னத் திருத்தமும் பெரிய காசாகிறது.

மேலூர் பட்டறையில்

மேலூரில் அவருக்குப் பழக்கமான ஒரு மெக்கானிக். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும் மெக்கானிக் பானெட்டைத் திறக்கவில்லை. நாலு டயருக்கும் காற்று அளந்தார். இரண்டில் 22, ஒன்றில் 24. பிறகு, "அண்ணே, இப்பத்தான ஓட்டிட்டு வந்தீங்க, முன்னாடி இடது சக்கரத்துக்கிட்ட கையக் கொண்டுபோய்ப் பாருங்க, தொட்டுறாதீங்க" என்றார். கையைப் பக்கத்தில் கொண்டுபோனதுமே அனல் அடித்தது. வலது பக்கம் அப்படி இல்லை.

ஜாக்கி போட்டுத் தூக்கிச் சுற்றிப் பார்த்தால், வலது சக்கரம் சுழன்றது, இடது சக்கரம் அரைச் சுற்றில் நின்றது. பிரேக் காலிபர் இறுகி, மிதிக்காதபோதும் பேடு டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. மாட்டைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வண்டி ஓட்டிய மாதிரி. காலிபரைப் பிரித்து ரப்பர்கள் மாற்றி, காற்றைக் கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி நிரப்பியதில் அடுத்த கணக்கு: 430 கிலோமீட்டர், 42 லிட்டர். 10.2.

டயரில் காற்று குறைந்தால் எரிபொருள் கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு கூடும் என்பதில்தான் மிகைப்படுத்தல் நடக்கிறது. அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி, நாலு டயரிலும் சராசரியாக ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் 0.2 சதவீதம் மைலேஜ் குறையும். பத்து குறைந்தால் இரண்டு சதவீதம். ஆக இந்த வண்டியில் கிடைத்த முன்னேற்றத்தில் பெரும்பங்கு பிரேக்கைச் சேர்ந்தது. ஆனாலும் காற்று குறைந்த டயர் ஓரம் தேய்ந்து சீக்கிரம் போகும், வேகத்தில் சூடேறி வெடிக்கவும் செய்யும். அதனால் பதினைந்து நாளைக்கு ஒரு முறை, டயர் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பது நல்லது.

அன்றே எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று விவசாயி நினைத்தார். மெக்கானிக்தான் தடுத்தார். "ஒண்ணொண்ணாப் பாப்போம்ணே. எது காசத் தின்னுச்சுன்னு தெரியணும்ல." வயலிலும் அதுதானே முறை? ஒரே போகத்தில் விதையையும் மாற்றி, உரத்தையும் மாற்றி, நடவு இடைவெளியையும் மாற்றினால், கூடிய விளைச்சல் எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்த முறை போனபோது பானெட் திறந்தது. ஏர் ஃபில்டர் முழுக்கச் செம்மண் தூசி. மண் பாதையில் ஓடும் வண்டிக்குப் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் வரை காத்திருக்கக் கூடாது. காற்று கிடைக்காத டீசல் இன்ஜின் கறுப்புப் புகை விடும், அந்தக் கறுப்பு எரியாமல் போன டீசல்தான். பழைய டிராக்டரிலும் எம்.எம். 540 போன்ற பழைய ஜீப்புகளிலும் எண்ணெய்த் தொட்டி வைத்த ஃபில்டர் இருக்கும். அதில் எண்ணெய் சேறாகியிருக்கிறதா என்று பார்ப்பதும் இதே வேலைதான்.

இன்னொன்றையும் மெக்கானிக் கண்டுபிடித்தார். வெப்பமானி முள் பாதிக்குக் கீழேயே நின்றது. முன்பு யாரோ ஒருவர், வண்டி சூடாகிறது என்று தெர்மோஸ்டாட் வால்வையே கழற்றி எறிந்திருக்கிறார். நம் ஊர்ப் பட்டறைகளில் இது பழைய வழக்கம். ரேடியேட்டரைச் சுத்தம் செய்ய வேண்டிய இடத்தில் வால்வைக் கழற்றிவிடுவது. இன்ஜின் 80, 90 டிகிரி சூட்டில் ஓடும்படி வடிவமைக்கப்பட்டது. வால்வு இல்லாவிட்டால் தண்ணீர் நிற்காமல் ரேடியேட்டருக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும், இன்ஜின் சூடேறவே வெகு நேரமாகும். குளிர்ந்த இன்ஜினில் எண்ணெய் கெட்டியாக இருக்கும், டீசல் சரியாக எரியாது, சிலிண்டரும் தேயும். வால்வு விலை அதிகமில்லை. அதையும் புது ஃபில்டரையும் போட்டு, ரேடியேட்டரையும் கழுவிய பிறகு: 440 கிலோமீட்டர், 41 லிட்டர். 10.7.

நாசில்களைப் பம்ப் கடையில் கொடுத்துச் சோதிக்கலாமா என்று கேட்டதற்கு, புகை இப்போது தெளிவாக இருக்கிறது, தேவையில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார் அந்த மெக்கானிக். வேலை இல்லாத இடத்தில் வேலை இல்லை என்று சொல்லும் பட்டறைக்காரர் கிடைப்பது அபூர்வம்.

காற்றுக்குக் கொடுக்கும் கூலி

மிச்சமிருந்தது ஓட்டும் முறை. பெரிய பணம் இங்கேதான் இருந்தது, அதற்கு ஒரு ஸ்பேனரும் தேவைப்படவில்லை.

இந்த வண்டிகளின் வடிவம் போர்க்காலத்தில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பை 1947-இல் இந்தியாவில் பூட்ட ஆரம்பித்த மஹிந்திரா நிறுவனம்தான், 2000-இல் பொலிரோவைக் கொண்டுவந்தது. நிமிர்ந்த கண்ணாடி, தட்டையான முகம், கட்டம் கட்டமான உடம்பு. மேடு பள்ளத்தில் ஓட்ட வசதி, தகரத்தை அடித்து நிமிர்த்த வசதி. காற்றைக் கிழிக்க மட்டும் ஆகாது. வண்டிகள் காற்றை எவ்வளவு எதிர்க்கின்றன என்பதற்கு ஒரு எண் உண்டு. இன்றைய சாதாரணக் கார்களுக்கு அது 0.3 அளவில் இருக்கும். பெட்டி வடிவ ஜீப் வகைகளுக்கு 0.45, 0.5 என்று போகும். அதோடு முகமும் அகலம்.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கப்படி ஏறும். 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்று தள்ளும் அளவை 1 என்று வைத்தால், 80-இல் அது 1.8 ஆகும், 100-இல் 2.8 ஆகும். வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, காற்றுக்குக் கொடுக்கும் கூலி கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

திருச்சி - மதுரை நான்குவழிச் சாலையில் ஏறிவிட்டால் இந்த விவசாயி 95-க்குக் குறையமாட்டார். விளையாட்டுக்கு இல்லை. டயாலிசிஸ் நேரம் தவறிவிடுமோ என்ற பயம். பால் கறந்து, மோட்டார் போட்டு, அம்மாவைத் தூக்கி உட்காரவைத்துக் கிளம்பவே தினமும் தாமதமாகும். அந்தத் தாமதத்தைச் சாலையில் பிடிக்கப் பார்ப்பார்.

வீட்டம்மா நோட்டின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டார். 50 கிலோமீட்டரை 100-இல் போனால் 30 நிமிடம், 70-இல் போனால் 43 நிமிடம். "பதிமூணு நிமிசங்க. பால் நான் கறந்துக்கிறேன், நீங்க கால் மணி நேரம் முன்னாடி கெளம்புங்க" என்றார். பின் சீட்டிலிருந்து தாயாரும் சேர்ந்துகொண்டார். "ஆமாப்பா, மெதுவாவே போ. ஊசி போட்ட கை ஆட்டத்துல வலிக்குது." அதுவரை அந்த அம்மா சொன்னதே இல்லை.

வேகம் 65, 70 என்று இறங்கியது. ஐந்தாவது கியரில் இன்ஜின் திணறாமல் இழுக்கும் வேகம் அது. டீசல் சேமிப்பைச் சொல்லிக்கொடுக்கவே இருக்கும் மத்திய அரசின் பெட்ரோலியம் சேமிப்பு ஆராய்ச்சி சங்கம் இன்னும் குறைவாக, 45 முதல் 55 வரை என்றுதான் அறிவுறுத்துகிறது. நான்குவழிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே அந்த வேகம் எல்லா இடத்திலும் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. 70-ஐத் தாண்டாமல், இடது ஓரத் தடத்தில் போவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

கூரைமேல் இருந்த இரும்புக் கேரியரும் இறங்கியது. வருடத்தில் நாலு தடவை நாற்றுத் தட்டு ஏற்ற, மீதி நாளெல்லாம் காற்றைப் பிடிக்க. கூரைமேல் சரக்குப் பெட்டி வைத்தால் நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதம் வரை மைலேஜ் குறைவதாக அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. வெறும் கேரியருக்கு அவ்வளவு இருக்காது என்றாலும் சும்மா சுமக்க வேண்டியதில்லை. முன்னால் பூட்டும் இரும்புத் தடுப்புக் கம்பியோ 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகத்தால் தடை செய்யப்பட்டது. எடையும் கூட்டும், எதிரே வருபவர் உயிரையும் வாங்கும்.

அடுத்தது பிரேக். ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை 60 வேகத்துக்குக் கொண்டுவர மட்டும் ஏறத்தாழ 20 மில்லி டீசல் வேண்டும். குழந்தைக்கு மருந்து ஊற்றும் பாலாடை அளவு. வேகத்தடைக்கு முன்னால் சட்டென்று பிரேக் அடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பாலாடை சாலையில் கொட்டப்படுகிறது. ஐம்பது முறை கொட்டினால் ஒரு லிட்டர். தூரத்திலேயே வேகத்தடையைப் பார்த்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், கியரிலேயே வண்டி தானாகத் தணிந்துவரும்.

கியரில் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டினால் டீசல் மிச்சம் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் டீசல் பம்ப் எண்ணெயை நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கத் தனியாகக் குடிக்கும். இன்ஜினையே நிறுத்திவிட்டு உருட்டுவது இன்னும் மோசம். டீசல் வண்டியில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடப் பம்ப் இன்ஜினால்தான் ஓடுகிறது. இன்ஜின் நின்றால் இரண்டு, மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். சிறுமலை வளைவுகளில் அப்படி மிச்சம் பிடிக்கப் போகிறவர் வீடு வந்து சேர்வது நிச்சயமில்லை.

இவ்வளவும் சேர்ந்த பிறகு நோட்டில் எழுதிய வரி: 504 கிலோமீட்டர், 42 லிட்டர். சரியாக 12.

பட்டறைச் செலவு இரண்டு மாத மிச்சத்தில் அடைந்துவிட்டது.

சொல்லாமல் விட முடியாத சில

டீசல் குழாயில் காந்தம் கட்டினால் மைலேஜ் கூடும், டேங்கில் மாத்திரை போட்டால் கூடும் என்று சந்தையில் விற்கிறார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட 100-க்கும் மேற்பட்ட சாதனங்களைப் பரிசோதித்தும், குறிப்பிடும்படி மிச்சம் பிடிக்கும் ஒன்றையும் காணவில்லை. மண்ணெண்ணெய் கலப்பது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். டீசலில் உள்ள வழவழப்புதான் பம்பைத் தேயாமல் காக்கிறது, மண்ணெண்ணெயில் அது இல்லை. மிச்சம் பிடித்த காசு பம்ப் கடைக்குப் போகும்.

நாலு சக்கர இழுவை உள்ள ஜீப் வைத்திருப்பவர்கள், சேறு தாண்டியதும் லிவரை இரண்டு சக்கரத்துக்கு மாற்ற மறக்கக் கூடாது. தார்ச் சாலையில் நாலு சக்கர இழுவையில் ஓட்டினால் டயரும் கியர் பெட்டியும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும்.

மருத்துவமனை வாசலில் ஏ.சி. போட்டு இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தால் மணிக்கு அரை லிட்டருக்குமேல் போகும். இந்தக் குடும்பத்தில் அந்த வழக்கமும் நின்றது. நான்கு மணி நேரக் காத்திருப்பில் இப்போது மாட்டுத்தாவணிச் சந்தை வேலையும் முடிந்துவிடுகிறது. கத்தரிக்காய் மூட்டைக்குத் தனி நடை இல்லை. அரை லிட்டர் பூச்சிமருந்து வாங்க மேலூருக்கு ஜீப்பை எடுப்பதும் இல்லை. போகவர 40 கிலோமீட்டருக்கு மேல், அதற்கு நாலு லிட்டர் டீசல் போய்க்கொண்டிருந்தது. பைக் ஒரு லிட்டருக்குள் போய் வந்துவிடுகிறது.

அகல டயர் தேய்ந்ததும் கம்பெனி அளவுக்கே மாறிவிடுவதாக விவசாயி சொல்லியிருக்கிறார். அப்போது மீட்டர் உண்மை பேச ஆரம்பிக்கும், நோட்டில் உள்ள எண்களையும் திருத்தி எழுத வேண்டியிருக்கும். அதற்காக வீட்டம்மா இரண்டு பக்கம் காலியாக விட்டு வைத்திருக்கிறார். கழற்றிய கேரியரைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னபோது பையன் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது அது மாட்டுக் கொட்டகை ஓரத்தில், கம்பிவலை சுற்றி, ஆறு நாட்டுக்கோழிகளுக்குக் கூண்டாக இருக்கிறது.